32 படி ஏற ஒரு பறக்கும் ரயில்!

ஹாரி பாட்டர் மாதிரி நாமளும் ஒரு ஃபேன்டஸி சீரிஸ் எழுதினா என்னனு ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு தடவையாவது யோசிச்சிருப்பீங்க. டிராகனும் மந்திரக்கோலும் எதுக்கு பாஸ்? பாட்டி சொன்ன விக்கிரமாதித்தன் கதையே போதுமே! மண்ணுக்கு அடியில கிடைச்ச சிம்மாசனத்துல போஜராஜன் ஏறப் போறார். மொத்தம் 32 படி. படிக்கு ஒரு பதுமை. ஒவ்வொண்ணும் அவரை நிறுத்தி, 'உனக்கு அந்தத் தகுதி இருக்கா?'னு கேட்டு ஒரு கதை சொல்லுது. அஞ்சு பாகத்துக்கு இதைவிட என்ன வேணும்?

நானும் என் ரூம்மேட்டும் அதைத்தான் எழுதிட்டிருக்கோம். எங்க கதையில மூணாவது பதுமை சிம்மாசனத்தை விட்டே ஓடிப் போயிடுது! பதிப்பகம் தேடாம நாமே அச்சடிக்கிறதா முடிவு. ஒரே சிக்கல்... சொந்தமா பதிப்பிக்கிறப்போ நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு பதுமையும் கிடையாது. காசு கொடுத்தா மிஷின் எதையும் அடிச்சுத் தரும். அதனால, ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தை நீட்டறதுக்கு முன்னாடி சென்னையில மூணு இடத்துக்குப் போனோம். நீங்களும் ஒரு நாள் ஒதுக்கிப் போயிட்டு வாங்க.

முதல் படி: எழும்பூர்

மியூசியம் வளாகத்துல இருக்கிற கன்னிமரா நூலகம். 1896-ல திறந்தது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, 'இது யாரோட கதை?' நாட்டுப்புறக் கதைக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஆனா, ஒருத்தர் அதை எழுதின விதத்துக்கு உண்டு. நம்ம நாட்டுச் சட்டப்படி, எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் வரை காப்புரிமை. மதனகாமராஜன் கதையை 1886-ல ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன நடேச சாஸ்திரி 1906-ல காலமானார். அவர் எழுத்தை நீங்க தாராளமா எடுத்தாளலாம். கி.ராஜநாராயணன் காலமானது 2021-ல. அவர் தொகுத்த கதையோட கருவை எடுத்து உங்க பாணியில சொல்லலாம். அவர் வரிகளைத் தொட 2081 முடியற வரைக்கும் அனுமதி வேணும்!

ரெண்டாம் படி: தரமணி

சிந்தாதிரிப்பேட்டையில பறக்கும் ரயில் ஏறுங்க. ஃபேன்டஸி எழுதறவங்களுக்குப் பறக்கும் கம்பளம் மாதிரி! இறங்கி, சி.பி.டி. வளாகத்துல இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்க. கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த புத்தகங்கள்தான், 1994-ல இந்த நூலகமா மாறுச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. அங்கேயே உட்கார்ந்து படிக்கணும். ஒரு காலத்துல அணாக் கணக்குல வித்த 'பெரிய எழுத்து' கதைப் புத்தகங்களைத் தேடிக் கேளுங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களுக்காகவே எழுத்தைப் பெருசாக்கி அடிச்சவை. இங்கே உங்களை நிறுத்தற கேள்வி, 'இத்தனை பேர் சொல்லியாச்சு... நீ புதுசா என்ன சொல்லப் போறே?' எங்க ஓடிப்போன பதுமைக்கு, ஓடறதுக்கு ஒரு காரணம் வேணும்னு புரிஞ்சது இங்கேதான்.

மூணாம் படி: திருவல்லிக்கேணி

அதே ரயில்ல திரும்பி வந்து திருவல்லிக்கேணியில இறங்கி, ராயப்பேட்டை பக்கமா நடங்க. ஜானி ஜான் கான் சாலையைச் சுத்தி அச்சகம், பைண்டிங் கடைனு மை வாசனை. கேள்வி சிம்பிள்: 'எத்தனை காப்பி?' ஆஃப்செட்னா பிளேட் போடணும். அந்தச் செலவு 100 காப்பிக்கும் ஒண்ணுதான், 1,000 காப்பிக்கும் ஒண்ணுதான். அதனால காப்பி கூடக்கூட ஒரு புத்தகத்தோட அடக்கவிலை குறையும். அந்த ஆசையில 1,000 அடிச்சா, 900 உங்க கட்டிலுக்கு அடியில தூங்கும். டிஜிட்டல்ல பிளேட்டே கிடையாது. 50 காப்பிகூட அடிக்கலாம். முதல் பாகத்துக்கு அது போதும்.

இன்னொண்ணு... ஆஃப்செட்ல ஒரு ஃபாரத்துக்கு வழக்கமா 16 பக்கம். கதை 160-ல முடிஞ்சா 10 ஃபாரம். 161-க்குப் போச்சுன்னா அந்த ஒரு பக்கத்துக்காக இன்னும் அரை ஃபாரமாவது ஓடணும். கிளைமாக்ஸ்ல வர்ற வசனத்தை வெட்ட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது!

ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசு இலவசமாவே தருது. புத்தகம் வந்ததும், 1954-ம் வருஷத்துச் சட்டப்படி 30 நாளைக்குள்ள நாலு நூலகங்களுக்கு உங்க செலவுல ஆளுக்கொரு பிரதி அனுப்பணும். ஏன்னா, சட்டத்தோட பார்வையில இப்போ நீங்க ஒரு பதிப்பாளர். அந்த நாலுல ஒண்ணு, காலையில கதை தேடிப் போனீங்களே... அதே கன்னிமரா!

50 வருஷம் கழிச்சு ஒரு காலேஜ் பொண்ணு உங்க புத்தகத்தை அங்கே எடுத்துப் புரட்டலாம். ரெண்டாம் பக்கத்துலயே மூடி வெச்சுடக் கூடாது இல்லையா? அச்சகத்துக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை திருத்துங்க. நாங்க இப்போ நாலாவது தடவையா திருத்திட்டிருக்கோம்.