ஐந்து கம்பிக்கு முன்பணம்

"எல்லாரும் மரத்தப் பத்தித்தான் சார் கேக்குறாங்க. தோள் வலியப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க" என்றார் பட்டறைக்காரர். சொல்லிக்கொண்டே, என் நண்பர் கொண்டுவந்திருந்த பேஸ் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து அவர் தோளிலேயே மாட்டினார். "ரெண்டு கையையும் எடுங்க தம்பி." எடுத்ததுதான் தாமதம், கிட்டாரின் தலை இறங்கித் தரையைப் பார்த்தது. "இத்தன வருஷமா இடது கையால இதத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டேதான் வாசிச்சிருக்கீங்க. வாசிக்கிறதுக்கு மீதி எவ்வளவு கை இருக்கும்?"

போரூரைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கூரை. முன்பக்கம் அவருடைய அப்பா கதவு, ஜன்னல் செய்த இடம். பெரிய இழைப்புளிகள் இன்னும் அங்கே ஆணியில் தொங்குகின்றன. பின்பக்கத்து அறையில் ஏசி, ஈரப்பதம் காட்டும் ஒரு கருவி, சுவரோரம் தேதி எழுதி அடுக்கிய பலகைகள். வேலை செய்பவர்கள் மொத்தம் மூன்று பேர். பட்டறைக்காரர், ஐ.டி.ஐ. படித்த ஓர் இளைஞர், பிக்கப்புக்குக் காயில் சுற்றும் ஓர் அக்கா. ஆர்டர் கொடுக்க வந்தது நண்பர். நான் வேடிக்கை பார்க்கப் போனவன்.

நண்பர் மெல்லிசை மேடைகளிலும், ஞாயிறு தோறும் தேவாலயத்திலும் பேஸ் வாசிப்பவர். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டுக் கேட்டே இந்தப் பக்கம் வந்தவர். எங்கள் தலைமுறையில் பலருக்கு பேஸ் என்று ஒன்று இருப்பதே அந்தப் பாடல்களால்தான் தெரியும். தாளத்தோடு ஒட்டி முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த கருவி, அவற்றில் பாடகருக்குச் சமமாக இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போனது. நான்கு கம்பியில் அதையெல்லாம் வாசித்துத் தேர்ந்தவர் இப்போது ஐந்தாவது கம்பி கேட்கிறார். காரணம் எளிது. நான்கு கம்பி பேஸின் அடிக்கம்பி ஈ, நொடிக்கு 41 அதிர்வு. இன்றைய பாடல்களில் சிந்தசைசர் அதற்கும் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. மேடையில் அதை ஈடுகட்ட 31 அதிர்வில் நிற்கும் பி கம்பி வேண்டும்.

கடையில் ஐந்து கம்பி பேஸ் கிடைக்காதா? தாராளமாகக் கிடைக்கும். முப்பது, நாற்பதாயிரத்தில் இந்தோனேசியாவில் செய்தது வரும், நன்றாகவும் இருக்கும். பட்டறைக்காரர் சொன்ன விலை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். பாதி முன்பணம். இந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் திரும்பத் திரும்ப அங்கே போனேன்.

முதல் நாள் மரத்தை யாரும் தொடவில்லை. நண்பரை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் வாசிக்கச் சொன்னார். விரல்களை விரிக்கச் சொல்லி வெர்னியரால் அளந்தார். கட்டைவிரல் கழுத்தின் பின்னால் எங்கே அழுந்துகிறது என்று குனிந்து பார்த்தார். நண்பர் கைப்பேசியில் படங்களாகச் சேர்த்து வைத்திருந்தார்: ஆறு வகை மரத்தை அடுக்கி ஒட்டிய உடல், பொன்நிறக் குமிழ்கள், பன்னிரண்டாம் கட்டத்தில் முத்துச்சிப்பியில் மயில். பட்டறைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுல எது சத்தத்த மாத்தும்?" என்று மட்டும் கேட்டார். நண்பரிடம் பதில் இல்லை. மயில் அன்றைக்கே பறந்துவிட்டது.

தையற்காரரிடம் அளவு கொடுப்பது போலத்தானே என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டை இறுக்கமாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம், இழைத்த கழுத்தில் அரை மில்லிமீட்டர் கூட்ட முடியாது என்றார்.

அவர் சொன்னதற்கு இந்தத் துறையின் பெரிய கதை ஒன்றே சாட்சி. லியோ ஃபெண்டர் 1951-ல் கலிபோர்னியாவில் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது கம்பியின் அதிரும் நீளத்தை 34 அங்குலம் என்று வைத்தார். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. உலகம் முழுவதும் அந்த அளவே இன்றும் வழக்கம். ஆனால் நியூயார்க்கின் ஆந்தனி ஜாக்சனுக்கு நான்கு கம்பி போதவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஆறு கம்பி வேண்டும் என்றார். கார்ல் தாம்ப்சன் 1975-ல் அதைச் செய்து கொடுத்தார். உலகில் அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை. கிடைத்ததும் தெரிந்தது, கம்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. பிறகு கென் ஸ்மித், அதன் பிறகு ஃபொடேரா என்று ஆண்டுக்கணக்கில் ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த்தான் தன் மனத்தில் இருந்ததை அவர் எட்டினார். வேண்டியது என்ன என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவருக்கே முதல் கருவி பொருந்தவில்லை. படம் பார்த்து ஆர்டர் கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மரம் பிறகுதான் வந்தது. கழுத்துக்கு இறக்குமதி மேப்பிள், உடலுக்கு வீடு இடித்த இடத்தில் வாங்கிய பழந்தேக்கு என்று நண்பர் விரும்பினார். பட்டறைக்காரர் தேக்குப் பலகையைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, "நாலு மணி நேரம்" என்றார். கடைசியில் உடலுக்கு எடை குறைந்த மகோகனி முடிவாயிற்று. மின்சார பேஸில் உடல் மரம் நாதத்தைத் தீர்மானிக்கிறது என்று சண்டை போடுபவர்கள் உண்டு. எனக்கு அங்கே பார்த்ததிலிருந்து அதில் பாதி நம்பிக்கை போய்விட்டது. கழுத்தின் விறைப்பும், கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் கம்பிக்குக் கீழே எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் காதுக்கு உடனே தெரிகின்றன. உடல் மரம் தோளுக்குத்தான் முதலில் தெரிகிறது.

விரல் பதியும் பலகைக்குத் தோதகத்தி. ஈட்டி என்றும் சொல்வோம். நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். பிரேசில் ரோஸ்வுட் அருகிப்போனதும் 1960களிலிருந்து அமெரிக்கக் கிட்டார்களின் விரல்பலகைக்கு இங்கிருந்துதான் மரம் போனது. தமிழ்நாட்டில் இதை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-ல் தனிச் சட்டமே வந்தது. 2017 ஜனவரியில் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் இந்த மரத்தின் பேரினம் முழுவதையும் பட்டியலில் சேர்த்தபோது, கிட்டாரை எல்லை தாண்டி விற்பவர்கள்கூட ஆவணத்துக்கு அலைந்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. பட்டறைக்காரர் ரசீது இல்லாமல் தோதகத்தி வாங்குவதில்லை. வாடிக்கையாளரும் அந்த ரசீதின் நகலைக் கேட்டு வாங்குவது நல்லது.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது விரல்பலகையில் ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டிகளுக்குக் கோடு அறுக்கிற வேலையை. நண்பரின் கருவிக்குப் பி கம்பி தொய்யாமல் இருக்க 35 அங்குலம் வைத்தார்கள், அதாவது 889 மில்லிமீட்டர். அதை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம் 49.9. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 444.5-ல் வந்து விழ வேண்டும். ஒவ்வொரு அளவையும் முந்தைய கோட்டிலிருந்து எடுக்காமல் ஒரே முனையிலிருந்துதான் எடுத்தார் அந்த இளைஞர். இல்லையென்றால் சின்னச் சின்னப் பிசகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மெல்லிய ரம்பத்தை ஓர் இரும்புத் தாங்கியில் வைத்து இழுத்தபோது தோதகத்தித் தூள் ஊதா கலந்த பழுப்பில் உதிர்ந்தது. லேசான இனிப்பு வாசனை. இரண்டு கோட்டுக்கு ஒருமுறை பழைய பல்துலக்கியால் தூளைத் தட்டினார். அந்த வேலை முடியும்வரை யாரும் அவரோடு பேசவில்லை, ரேடியோவும் அணைந்திருந்தது.

பேச்செல்லாம் காயில் சுற்றும் அக்காவிடம்தான். தையல் மெஷின் மோட்டாரை மாற்றிச் செய்த ஒரு சின்னக் கருவி அவருடையது. தலைமுடி அளவே கனமுள்ள செப்புக்கம்பி விரலிடுக்கில் ஓட, ஒரு காயிலுக்குப் பத்தாயிரம் சுற்றுக்குப் பக்கமாக வருகிறது. கம்பியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும், தளர்த்தினால் காயில் பொதபொதவென்று ஆகி ஒலியில் கீச்சிடும். அறுந்தால் முதலிலிருந்துதான். முன்பு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவர். "அங்க பீஸ் கணக்கு. இங்க இந்த அண்ணன் அவசரப்படாதன்னு திட்டுறாரு" என்றார். ஃபெண்டர் ஆலையில் 1956-ல் சேர்ந்து பல பத்தாண்டுகள் காயில் சுற்றிய அபிகேல் யபாரா என்ற பெண்மணியின் பெயர் இன்று கிட்டார்க்காரர்களிடையே பெரிய பெயர். அவர் கைப்பட்ட பிக்கப்புகளைத் தேடி வாங்குகிறார்கள். அதைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு, "சம்பளம் எவ்வளவாம்?" என்று கேட்டார்.

இடையில் ஒருநாள், வேறோர் இடத்தில் செய்த பேஸை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். பார்க்க அவ்வளவு அழகு. கழுத்தின் முனையிலிருந்து கண்ணை வைத்து நோக்கினால் மட்டும் விஷயம் புரியும்: ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. ஐந்து கம்பிகளும் சேர்ந்து கழுத்தைத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. நேராக வளைந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி நிமிர்த்தலாம். முறுக்கினால் அந்தக் கம்பியால் ஒன்றும் ஆகாது. ஈரம் சரியாக உலராத மரம், அல்லது ரேகை சாய்ந்த மரம். செய்த இடத்தில் கேட்டால் போனை எடுக்கவில்லையாம். வேறு கழுத்து செய்துதான் மாட்ட வேண்டும் என்று பட்டறைக்காரர் சொன்னபோது, வந்தவர் விலையைக் கேட்காமலே உறையை மூடினார்.

இந்த மாதிரி மோசத்தையாவது கண்டுபிடித்து ஒதுங்கலாம். நல்ல கைவேலையிலும் வரக்கூடிய ஒன்று இருக்கிறது. பேஸ்களில் ஜி கம்பியில் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஒரு சுரம் மட்டும் மற்றவை போல நீடிக்காமல் சட்டென்று அடங்கிவிடுவதுண்டு. கழுத்தின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தோடு ஒத்துப்போய் அதன் ஆற்றலைக் குடித்துவிடுகிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பேஸ்களிலும் இது உண்டு. கடையில் பத்தை வாசித்துப் பார்த்து அது இல்லாத ஒன்றை எடுத்து வரலாம். செய்யச் சொன்ன கருவியில் அந்தச் சலுகை இல்லை. அது ஒன்றே ஒன்றுதான், அதுதான் உங்களுடையது.

நண்பரின் பேஸ் சொன்ன தேதிக்கு வரவில்லை. வைகாசிக் கல்யாணக் கச்சேரிகள் முடிந்து ஆடியும் பிறந்துவிட்டது. மழைக்காலத்தில் வார்னிஷ் பூசினால் பால் பூத்துவிடும் என்று நல்ல வெயிலுக்குக் காத்திருந்ததில் கொஞ்சம், மேப்பிள் பலகை ஒன்றை இழைத்த பிறகு லேசாக வளைந்ததால் தூக்கிப் போட்டதில் கொஞ்சம். தூக்கிப் போட்டதற்கு நண்பர் எரிச்சல்பட்டார். எனக்கு அன்றுதான் அந்தப் பட்டறைமேல் முழு நம்பிக்கை வந்தது.

வந்தபோது எடை நான்கு கிலோவுக்கும் கீழே. மேல்கொம்பை நீட்டி, ஸ்ட்ராப் மாட்டும் பொத்தான் ஏறக்குறைய பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரே வரும்படி வைத்திருந்தார். நண்பர் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் எடுத்தார்; கிட்டார் அசையவில்லை. பி கம்பியைத் தட்டியதும் ஓரத்திலிருந்த பெவிகால் டப்பா அதிர்ந்தது. அந்தச் சுரம் குழையாமல், இன்ன சுரம் என்று தெளிவாகக் கேட்டது. கீழ்க்கம்பி வைத்த மலிவு பேஸ்களில் அது வெறும் உறுமலாகத்தான் இருக்கும். ஜி கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டில் மட்டும் ஒலி கொஞ்சம் சீக்கிரம் அடங்கியது. பட்டறைக்காரர் அதை மறைக்கவில்லை, அவராகவே வாசித்துக் காட்டினார். தலையின் பின்னால் சின்னப் பித்தளைத் துண்டு ஒன்றைத் திருகினார். குறை முழுதாகப் போகவில்லை, இரண்டு சுரங்களுக்கு இடையே நகர்ந்து, கேட்கிற அளவுக்கு உறுத்தாமல் நின்றது.

இப்போது நண்பர் கச்சேரி முடிந்து தைலம் தேடுவதில்லை. அதே நேரம், நாளை பணமுடை என்று அதை விற்கப் போனால் போட்டதில் பாதி வந்தாலே அதிர்ஷ்டம். அவர் விரலுக்குச் செய்த கழுத்து இன்னொருவர் விரலுக்கு எதற்கு? தலையில் பிரபலமான பெயரும் இல்லை. விற்று மீட்கும் எண்ணம் இருப்பவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். முதல் பேஸ் வாங்குபவர்களும் வேண்டாம். தனக்கு எது இடைஞ்சல் என்று சொல்லத் தெரிவதற்கே ஒரு கடைக் கருவியைச் சில வருடம் தேய்த்திருக்க வேண்டும்.

அதைத் தாண்டியவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் பட்டறைக்காரரின் புதுக் கருவியைப் பார்க்காதீர்கள். அவர் நான்கைந்து வருடத்துக்கு முன் செய்து கொடுத்த ஒன்று யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே போய் அதை வாசித்துப் பாருங்கள். கழுத்து நேராக இருந்தால் பணத்தை எடுங்கள்.