எங்கள் வீட்டு அம்பாசிடர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள் என்றதும் நிலவைப் பற்றியும் நட்பைப் பற்றியும் எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் எங்கள் வீட்டு வாசலில் நாற்பது வயதை நெருங்கிக்கொண்டு நிற்கும் ஒரு பழைய கார், இவ்வாண்டு எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் என் நெஞ்சைவிட்டு அகல மறுக்கிறது. அதையே எழுதுகிறேன். இதில் என் பெருமை ஒன்றுமில்லை. என் பிழைதான் உண்டு.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம். மேற்கே பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் செங்கல்பட்டு. கிழக்கே ஏறக்குறைய அதே தூரத்தில் மாமல்லபுரம். என் தந்தையார் மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதிக்காரரிடம் பதினெட்டு ஆண்டுகள் கார் ஓட்டியவர். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காண வந்த எத்தனையோ வெளிநாட்டவரை ஏற்றி இறக்கிய அந்த 1986-ஆம் ஆண்டு மார்க்-4 அம்பாசிடரை, முதலாளி புதுக் கார் வாங்கியபோது, சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்ளச் சொல்லி அப்பா தமதாக்கிக்கொண்டார். என் அக்கா பிறந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனையிலிருந்து வீடு வந்தது இந்தக் காரில்தான். நம் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த அன்று, அப்பா என்னைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துக் கொண்டுவந்து கல்லூரி வாசலில் இறக்கியதும் இதில்தான். “இன்னிக்கு நீ பாசஞ்சர், நான் டிரைவர்” என்றார்.

அம்பாசிடரின் வரலாறு பலரும் அறிந்ததே. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதைச் செய்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரையே பிரான்சு நாட்டுப் பியூஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பிரதமர்களும் கலெக்டர்களும் போன கார் அது. கல்யாண ஊர்வலத்துக்கும் பிரசவத்துக்கும் போனதும் அதே கார்தான்.

நம் பக்கத்துக் கார்களின் கதையும் இப்படியே. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்தது. அதன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-இல் வெளிவந்தது. பின்னாளில் மறைமலை நகரில் போர்டு வந்தது. அதன் கார் உற்பத்தியும் 2022-இல் நின்றது. தொழிற்சாலைகள் வருகின்றன, போகின்றன. அவை செய்த வண்டிகளோ யாரோ ஒருவர் வீட்டு வாசலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடவைப்பவர் ஒருவர் இருக்கும்வரை!

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் அப்பா. விடிந்ததும் பானட்டைத் திறப்பார். ரேடியேட்டரில் தண்ணீர், அளவுக்கம்பியில் ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி நீர் என்று வரிசையாகப் பார்ப்பார். பிளாட்டினம் பாயிண்டில் கரி படிந்தால் தீப்பெட்டியின் மருந்துப் பட்டையைக் கிழித்து நடுவில் விட்டு மெல்ல இழுப்பார். இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளவுத் தகடு இல்லாமலே கண்ணால் வைப்பார். நான் தகடு வைத்துச் சோதித்தால் சரியாகவே இருக்கும்.

மாமல்லபுரம் போய்வந்தால் முதல் வேலை, வண்டியின் அடிவயிறு வரை நல்ல தண்ணீரால் கழுவுவது. கதவின் அடியில் உள்ள சிறு நீர்வழித் துளைகளை விளக்குமாற்றுக் குச்சியால் குத்திவிடுவார். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு கரைந்த ஈரம் மின்பகுபொருளாகி இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். இதை நான் வேதியியல் வகுப்பில் படித்தேன். அப்பா குச்சியோடு குனிந்து படித்தார். கடற்கரைக் கோயிலுக்கும் இதே நோய்தான். தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பிக் காயவிட்டு, உள்ளே ஊறிய உப்பை வெளியே இழுத்துவிடுகிறார்கள். கடற்காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் நட்டிருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கருங்கல்லுக்கே பராமரிப்பு வேண்டியிருக்கிறது என்றால், தகரத்துக்குக் கேட்க வேண்டுமா?

எல்லாவற்றையும் அப்பா ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதிவைப்பார். தேதி, கிலோமீட்டர், எத்தனை லிட்டர் பெட்ரோல், எந்த வேலை, எவ்வளவு கூலி. எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. எழுத்துப் பிழைகள் உண்டு, கணக்குப் பிழை கிடையாது. மீட்டரில் ஐந்து இலக்கம்தான். நான்கு முறை சுற்றிப் பூச்சியத்துக்கு வந்துவிட்டதை நோட்டில் சிவப்பு மையால் குறித்திருக்கிறார்.

சென்ற ஆடி மாதம், பெட்ரோல் போட நான் தனியே வண்டியை எடுத்துப் போனேன். திரும்பும்போது டாங்கு மூடியைப் பங்க்கிலேயே விட்டுவிட்டேன். போய்க் கேட்டால் கிடைக்கவில்லை. அப்பாவிடம் திட்டு வாங்கப் பயந்து, அடுத்த நாளே சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் ஒரு மூடி வாங்கி வந்தேன். பூட்டு உள்ளது, அடியில் தடித்த ரப்பர் வாஷர், திருகினால் சொட்டுக்கூடக் கசியாது. அப்பாவே தடவிப் பார்த்து, “பழசைவிட நல்லா இருக்குதுடா” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆவணியில் தொல்லை தொடங்கியது. கோவளத்தில் ஒரு திருமணத்துக்குப் போகும்போது, மாமல்லபுரம் தாண்டித் தேவனேரி அருகே வண்டி இருமியது, விக்கியது, நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்பியது. ஐந்து கிலோமீட்டரில் மீண்டும் நின்றது. பட்டுப் புடைவையோடு அம்மாவும் அக்காவும் சாலையோரம் நின்றார்கள். “என் சர்வீசுல பாசஞ்சரை ரோட்டுல எறக்கினதே இல்ல” என்று அப்பா முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

எங்கள் மெக்கானிக் பாய், அப்பாவின் முப்பதாண்டு நண்பர். தீப்பொறி நன்றாக வருகிறது. ஆகவே கோளாறு பெட்ரோல் பக்கம் என்று தெளிவாகச் சொன்னார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் பம்பின் டயாப்ரம் மாற்றினார். பம்பு எஞ்சின் சூட்டில் இருப்பதால் உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், நின்றால் ஈரத்துணி போட்டு அரைமணி பொறுங்கள் என்றார். உள்ளூரில் பத்து நாள் ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை. புரட்டாசியில் சதுரங்கப்பட்டினம் தாண்டியதும் நின்றது. ஈரத்துணி போட்டோம், அரைமணியில் கிளம்பியது. ஐப்பசியில் மூன்றாம் முறை. அந்த மழையில் அப்பா நனைந்துகொண்டு நின்றதைக் கண்ட கோபத்தில், மறுநாள் பாயின் பட்டறையில் பத்துப் பேர் முன்னிலையில் நான் சொன்னேன்: “உங்களால முடியலைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே பாய்! எதுக்கு மூவாயிரத்து எண்ணூறு வாங்கினீங்க?”

பாய் பதில் பேசவில்லை. சாயங்காலம் வீடு தேடி வந்து, கூலிப் பணத்தை மட்டும் எண்ணித் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா மனம் உடைந்தார். 2022 ஏப்ரலில், பதினைந்து ஆண்டு தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. புதுப்பித்தும் நம்பி ஏற முடியாத வண்டி எதற்கு? காயலான் கடைக்காரர் ஒருவர் முப்பத்தைந்தாயிரத்துக்குப் பேசி இரண்டாயிரம் முன்பணம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

புதன் இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அப்பாவின் நோட்டைப் புரட்டினேன். வண்டி நின்ற மூன்று நாளையும் தேடினேன். மூன்றிலும் பெட்ரோல் இடத்தில் ஒரே சொல்: “புல் டேங்க்”. ஓடிய நாட்களில் எல்லாம் 300, 500 ரூபாய்க்குப் போட்டிருந்தது. நெடுந்தூரம் போகும்போதுதான் நாங்கள் டாங்கை நிரப்புவோம். தூரம்தான் காரணம் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் நிரப்பியதுதான் காரணமோ? இரண்டு பக்கம் முன்னால் புரட்டினேன். “டேங்க் மூடி புதுசு. தம்பி வாங்கியது.” அதற்கு முந்தைய பக்கங்களில் எத்தனையோ புல் டேங்க், ஒரு நிறுத்தமும் இல்லை.

என் உடம்பு சில்லிட்டது. பழைய மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அதன்வழியே காற்று உள்ளே போகும். நான் வாங்கிய மூடி காற்றே புகாதது!

பாயில் விதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். டாங்கு ஏறக்குறைய 54 லிட்டர். கழுத்துவரை நிரப்பினால் மேலே 3 லிட்டர் காற்று இருக்கலாம். இருபது கிலோமீட்டர் ஓடி 2 லிட்டர் செலவானால் அந்தக் காற்று 5 லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். அழுத்தம் ஐந்தில் மூன்று பங்காகிவிடும். அடியில் 5 லிட்டர் மட்டும் இருந்தால் மேலே 49 லிட்டர் காற்று; அதே 2 லிட்டர் குறைந்தால் அழுத்தம் நூற்றுக்கு நான்குதான் குறையும். பெட்ரோல் ஆவியும் சிறிது இடத்தை நிரப்பும் என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான். நிறைந்த டாங்கிலிருந்து பம்பு பெட்ரோலை இழுக்கத் திணறுகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஆகவே பம்பின் வாயில் பெட்ரோல் சுலபமாக ஆவியாகும். பாய் சொன்ன ஆவியடைப்பு பொய்யல்ல! அதன் மூலகாரணம்தான் வண்டியின் மறுமுனையில் இருந்தது. ஈரத்துணி போட்ட அரைமணியில், மேலும் ஆவி எழுந்தும் வாஷர் வழியே சிறிது காற்று கசிந்தும் அழுத்தம் தேறியிருக்க வேண்டும். வேலை செய்தது பெரும்பாலும் காத்திருப்பு, பெயர் துணிக்கு! முள் ‘நிறைவு’ என்று காட்டும்போது டாங்கைத் திறந்து பார்ப்பவர் யார்?

வியாழக்கிழமை காலை அப்பாவிடம் மூடி தொலைந்த கதையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. “சொல்றது நிஜமான்னு பார்த்துடலாம் வா” என்றார். டாங்கை நிரப்பினோம். மாமல்லபுரம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்காவது கிலோமீட்டரில், எதிர்பார்த்தபடியே வண்டி விக்கி நின்றது. வண்டி நின்றதற்கு மகிழ்ந்தவன் அன்று உலகில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்பா பின்னால் போய்ச் சாவி போட்டு மூடியைத் திருகினார். ‘உஸ்ஸ்’ என்று நீண்ட மூச்சு உள்ளே இழுத்தது. அரைமணி காத்திருக்கவில்லை, ஈரத்துணி போடவில்லை. செல்ப் இழுத்தார், சிறிது நேரத்தில் பிடித்துக்கொண்டது.

அங்கிருந்து நேரே பாயின் பட்டறைக்குத்தான் போனோம். பத்துப் பேர் முன்னிலையில் பேசிய வாய், பத்துப் பேர் முன்னிலையிலேயே மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். கேட்டேன். தலை நிமிரவில்லை. பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “நானும் மூணு தபா பானட்டைத்தானே தம்பி தொறந்தேன். டிக்கி பக்கம் போகவே இல்லியே” என்றார். பிறகு துருப்பிடித்த டால்டா டின் ஒன்றைக் கவிழ்த்துத் துழாவி, ஒரு பழைய அம்பாசிடர் மூடியை எடுத்து வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போயிற்று. அப்பா கூலிப் பணத்தை அவர் சட்டைப் பையில் வலிய வைத்தார். மூடிக்கு மட்டும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

காயலான் கடைக்காரருக்கு முன்பணம் திரும்பிப் போயிற்று. மறுநாள் நிறைந்த டாங்குடன் அறுபது கிலோமீட்டர் ஓட்டினோம், நிற்கவில்லை. நோட்டில் அப்பா எழுதினார்: “மூடி மாற்றியது. கோளாறு தீர்ந்தது. கண்டுபிடித்தது தம்பி.” நான் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே “கோளாறு செய்ததும் தம்பி” என்று எழுதினேன். அப்பா அதை அடிக்கவில்லை, சிரித்துக்கொண்டார்.

தோழர்களே! பாயில் விதியைத் தேர்வில் எழுதி நான் முழு மதிப்பெண் பெற்றிருக்கிறேன். அந்த விதி வீட்டு வாசலில் மூன்று மாதம் நின்று என்னைக் கூப்பிட்டும் அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறேன். அதைக் காட்டிக்கொடுத்தது என் பாடநூல் அன்று. எட்டாம் வகுப்புப் படித்த ஒருவர் ஒரு நாளும் விடாமல் எழுதிய கணக்கு நோட்டு. ஆய்வகத்தில் நம் ஆசிரியர்கள் “கண்டதை உடனே குறித்துவை” என்று ஏன் அத்தனை முறை சொல்கிறார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது. ஒரு பொருளில் பழுது என்றால், கடைசியாக அதில் மாற்றியது எது, மாற்றியவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். அந்த விடை ‘நான்’ என்று வந்தாலும் கேட்க வேண்டும்.

கல்லூரி வாசலில் என்றேனும் வெள்ளை அம்பாசிடர் ஒன்று வந்து நின்றால் அது எங்களுடையதாக இருக்கலாம். தாராளமாக ஏறிக்கொள்ளுங்கள். இப்போது அது வழியில் நிற்பதில்லை.