யாரைக் கழித்தபின் நூறு சதவீதம்?

ஆபீஸில் நான் பிடுங்குகிற ஆணி கொஞ்சம் விசித்திரமானது. இருப்பது ஹைதராபாத்தில். பார்ப்பது அமெரிக்க சார்ட்டர் பள்ளிகளின் கணக்கு வழக்கு.

சார்ட்டர் பள்ளி என்றால், அரசுப் பணத்தில் தனி நிர்வாகக் குழு நடத்தும் பள்ளி. கட்டணம் கிடையாது. 1991-ல் மின்னசோட்டா மாநிலம்தான் இதற்கு முதலில் சட்டம் போட்டது. விண்ணப்பங்கள் இடத்தைவிட அதிகமானால் குலுக்கல். சில வருட ஒப்பந்தம். பிள்ளைகள் படிக்கவில்லை, அல்லது கணக்கு சரியில்லை என்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. பூட்டுதான். அதனால் அங்கே மதிப்பீடு என்பது வெறும் சடங்கு இல்லை.

பணத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது, கையிருப்பு எத்தனை நாள் தாங்கும் என்பதை. இன்றோடு வரவு நின்றுபோனால் சம்பளமும் வாடகையும் எத்தனை நாள் கொடுக்க முடியும்? 60 நாள் என்றால் நிம்மதி. 30-க்குக் கீழே போனால் கவலை. அடுத்தது மாணவர் எண்ணிக்கை. 300 பேர் வருவார்கள் என்று பட்ஜெட் போட்டு 255 பேர் வந்தால், தலைக்கு இவ்வளவு என்று வரும் பணத்தில் 15% காலி. கட்டட வாடகை 15% குறையுமா என்ன?

இந்தத் தலைக்கணக்கில்தான் பெரிய கோல்மால்களும் நடக்கின்றன. ஓஹையோவில் ஈகாட் என்று ஒரு இணையவழி சார்ட்டர் பள்ளி இருந்தது. 2015-16-ல் சுமார் 15,300 மாணவர்களுக்குப் பணம் வாங்கியது. மாநிலம் சரிபார்த்தபோது சுமார் 6,300 பேருக்குத்தான் ஆதாரம் கிடைத்தது. பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். 2018 ஜனவரியில், படிப்பு வருடத்தின் நடுவிலேயே பள்ளி மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள்.

சரி, படிப்பு? ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்தில் 17% சார்ட்டர் பள்ளிகள் பக்கத்து அரசுப் பள்ளிகளைவிட மேல், 37% மோசம், மீதி வித்தியாசமில்லை. அதே மையத்தின் 2023 ஆய்வில், சார்ட்டர் பிள்ளைகள் சராசரியாக வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் கூடுதலாகப் படித்ததற்குச் சமமான முன்னேற்றம். ஆனால் இணையவழிப் பள்ளிகளில் கணிதத்தில் 124 நாள் பின்னடைவு! சராசரியை மட்டும் பார்த்துவிட்டு நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

பாஸ்டனில் ஜோஷுவா ஆங்ரிஸ்ட் (2021-ல் நோபல் வாங்கியவர்) குழுவினர் வேறு மாதிரி பார்த்தார்கள். குலுக்கலில் ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். ஜெயித்தவர்கள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஜெயித்த பிள்ளை பாதியில் பள்ளியை விட்டுப் போனாலும், அவன் மதிப்பெண் ஜெயித்தவர் பக்கத்திலேயே எண்ணப்படும். சுமாரான பிள்ளையைக் கழற்றிவிட்டு நல்ல பேர் வாங்க முடியாது.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த தவறைச் சொல்கிறேன்.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மகபூப்நகர்க்காரர். "சார், நீங்கள் ஸ்கூல் கணக்கெல்லாம் பார்க்கிறவர். பாப்பாவை எந்த ஸ்கூலில் சேர்க்கட்டும்?" என்று தெலுங்கில் கேட்டார். பக்கத்துத் தனியார் பள்ளி வாசலில் "பத்தாம் வகுப்பு 100% தேர்ச்சி" என்று ஃப்ளெக்ஸ் தொங்கியது. அங்கேயே சேருங்கள் என்றேன். எட்டாவதில் சேர்த்தார், கடன் வாங்கி.

ஒன்பதாவது முடிவில் கூப்பிட்டு, கணக்கில் வீக், டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நூறு சதவீதம் எப்படி வருகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டாவதில் எத்தனை பேர், பத்தாவதில் எத்தனை பேர் என்று ஆபீஸில் தினமும் கேட்கிற கேள்வியை, வாசலில் நின்ற மனிதருக்காக நான் கேட்கவில்லை.

கொடுமை என்னவென்றால், விடை எங்கள் ஊர்ப்பக்கமே இருந்தது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒன்றுபட்ட ஆந்திராவின் கிராமங்களில் இதே குலுக்கல் முறையில் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. உதவித்தொகையோடு தனியார் பள்ளி வாய்ப்புக் கிடைத்த பிள்ளைகள், நான்கு வருடம் கழித்தும் தெலுங்கிலும் கணிதத்திலும் மற்றவர்களை மிஞ்சவில்லை. இந்தியில் மட்டும் முன்னே இருந்தார்கள். ஆனால் தனியார் பள்ளிகளின் செலவு அரசுப் பள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முக்கியக் காரணம், ஆசிரியர் சம்பளம் அவ்வளவு குறைவு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தாலும், செலவை மட்டும் பார்த்தாலும், பாதிக் கதைதான் தெரியும்.

பாப்பா இப்போது ஜில்லா பரிஷத் பள்ளியில் பத்தாவது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கணக்குப் போட வருகிறாள். அவள் அப்பா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. இப்போதெல்லாம் யார் பள்ளி பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கடைசிவரை இருந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். ஃப்ளெக்ஸை அப்புறம் படிக்கலாம்.