நீலியின் கண்ணீர்

பொய்யான அழுகைக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு: நீலிக்கண்ணீர்.

அந்த நீலியின் ஊர் பழையனூர்.
அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் போகும் மின்ரயில் நிற்கும் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கதை இது.
மனைவியைக் கணவன் கொன்றுவிடுகிறான்.
மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய்.
கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் தன் கணவன் என்று ஊரார் முன் அழுகிறாள்.
அவளுடன் போக அவன் அஞ்சவே, வேளாளர் 70 பேர் அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைக்கிறார்கள்.
இரவில் அவள் பழி தீர்க்கிறாள்.
வாக்குக் காக்க 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

வேளாளருக்கு வாய்மைப் புகழ் கிடைத்தது.
நீலிக்கு வஞ்சகி என்ற பெயர் கிடைத்தது.
முதல் கொலையைச் செய்தவனைக் குறிக்க ஒரு சொல்கூடப் பிறக்கவில்லை.

திருவாலங்காட்டுத் தலபுராணத்திலும் இதே சாயல்.
நடனப் போட்டியில் சிவன் காலை உயரத் தூக்குகிறார்.
காளி நாணி நிற்கிறாள், தோற்கிறாள்.
அவளைத் தோற்கடித்தது திறமைக் குறைவல்ல, பெண்ணுக்கு விதித்த நாணம்.

சிவபக்தையான காரைக்கால் அம்மையாரோ அழகைத் துறந்து பேயுருவம் வேண்டிப் பெற்ற பிறகே திருவாலங்காட்டுக்கு வந்து பாடினார்.

மாற்றுக் குரலும் பழையது.
ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி, இதே நீலியைச் சமண அறிவாளியாக்கி வாதங்களில் வெல்ல வைத்தது.

குழந்தைகளுக்குச் சொல்ல எந்த நீலி வேண்டும்?