கடைசிப் படகுக்கு முன் தீவகம்

ஊர்காவற்றுறை, முற்பகல்

யாழ்ப்பாணக் கோட்டையடியிலிருந்து பண்ணைப் பாலத்தில் ஏறும் பயணி, 'பரவைக்கடல்' எனப்படும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பைக் கடந்து, வேலணைத் தீவின் வடமேற்கு முனையிலுள்ள ஊர்காவற்றுறையை அடைகின்றார். பழம்பெரும் துறைமுகத்தை எதிர்பார்த்து வருபவரை வரவேற்பவை ஆரவாரம் அடங்கிய கடைத்தெருவும், 1990களின் தொடக்கத்தில் போரால் இடம்பெயர்ந்தோர் பலர் மீளாமையால் கூரையிழந்து நிற்கும் வீடுகளுமே ஆகும். காரைநகருக்கும் இக்கரைக்கும் இடையே கடல்நடுவில் போர்த்துக்கேயர் கட்டிய கடற்கோட்டையோ, கடற்படை நடத்தும் விடுதியாகச் செப்பனிடப்பட்டுள்ளது. 1658 இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது, உள்ளிருந்தோரைப் பணியவைத்தது குடிநீர் இன்மையே என்பது, யாழ்ப்பாணத்தை ஒட்டிய இத்தீவுக்கூட்டமாகிய தீவகத்தின் இயல்பை உணர்த்தும் செய்தியாகும்.

நயினாதீவு, பிற்பகல்

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து புறப்படும் படகில், நாகபூசணி அம்மனைத் தொழ வரும் தமிழரும், புத்தர் வருகை தந்ததாக மகாவம்சம் கூறும் நாகதீபம் இதுவே எனக் கொண்டு விகாரைக்கு வரும் சிங்களவரும் தோளுரச அமர்ந்து செல்கின்றனர். அம்மன் கோயிலில் உள்ள, 12 ஆம் நூற்றாண்டு மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவினுடையதாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு, 'ஊராத்துறை'யாகிய ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டவர் பாதுகாக்கப்படவேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் அரசு நாலிலொரு பங்கையும், வணிகச் சரக்குடன் வரும் கலம் உடைந்தால் பாதியையும் பெறும் என்றும் விதிக்கின்றது. சிங்கள வேந்தன் ஒருவன் கடல்வணிகர்க்கான சட்டத்தைத் தமிழில் பொறித்தான் என்பது, தீவு எவருக்குரியது என்று இன்று எழும் வழக்குகளைக் காட்டிலும் ஆழமாகச் சிந்திக்கத்தக்கது. ஆயினும் வருவோரிற் பெரும்பாலோர் இரு தலங்களையும் வணங்கியவுடன் திரும்புவதால், அவற்றுக்கு அப்பாலுள்ள ஊர் அவர்கள் கண்ணிற் படுவதேயில்லை.

நெடுந்தீவு, மறுநாள்

குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணத்தின் முடிவில் தோன்றும் நெடுந்தீவு, ஒல்லாந்தர் இட்ட 'டெல்ப்ற்' என்ற பெயரை ஆங்கில வழக்கில் இன்றும் தாங்கி நிற்கின்றது. கடலடியில் உயிரினங்களின் படிவால் உருவாகும் முருகைக்கல்லைச் சாந்தின்றி அடுக்கி எழுப்பிய வேலிகள், வளவுதோறும் நீண்டு செல்கின்றன. அதே கல்லாலான கோட்டையின் சிதைவும், புறாக்கூடும், ஆபிரிக்காவுக்குரிய பெருக்கு மரமும், ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகளும் பயணியின் பட்டியலை நிறைக்கின்றன. அழகிற் குறைவேதுமில்லை. ஆனால், வறட்சிக் காலங்களில் அக்குதிரைகள் நீரின்றி மடிவதையும், உவர்நீர்க் கிணறுகளிடையே நன்னீரைத் தேடும் இல்லங்களையும் எழுதாத குறிப்பு அரைகுறையானதே. 1985 மே 15 அன்று இத்தீவிலிருந்து 'குமுதினி' படகில் சென்ற மக்களிற் பலர் நடுக்கடலில் கொல்லப்பட்டனர். ஆகவே படகு என்னும் சொல் இங்கு வாழ்வோர்க்குப் போக்குவரத்தை மட்டும் குறிப்பதில்லை.

குறிகட்டுவான், மாலை

பயணி கடைசிப் படகைத் தவறவிடாதிருக்க விரைகின்றார். தீவாரோ மேற்சிகிச்சைக்கும், அரச அலுவலுக்கும், விளைபொருளை விற்பதற்கும் அதே படகின் நேரத்தை நம்பி வாழ்கின்றனர். காற்றுக் கடுமையான நாளில் படகு ஓடாவிடின் பயணிக்கு ஒரு பயணம் தவறும். கருவுற்ற பெண்ணுக்கோ நோயாளிக்கோ உயிரே தவறக்கூடும். எனவே தீவகத்தைப் பற்றிய நேர்மையான மதிப்பீடு காட்சிகளின் எண்ணிக்கையால் அமையாது. நம்பத்தக்க படகும், போதிய நன்னீரும், இடம்பெயர்ந்தோர் மீள்வதற்கான தொழிலும் உள்ளனவா என்ற கேள்விகளாலேயே அமையும். வருவோர் தம் குடிநீரைத் தாமே கொண்டுவருதலும், நெரிசலான படகில் ஊரவர்க்கு முதலிடம் விடுதலும், தீவாரின் வீடுகளிலேயே உண்டு தங்கி அவர்களுக்கு வருவாய் ஈட்டித்தருதலும் சிறு செயல்களேயாயினும், சுற்றுலா இத்தீவுகளுக்குப் பாரமாகாமல் துணையாவதற்கு அவையே தொடக்கமாகும்.