விரல் இழந்த வித்துவான்

கிற்றார் வாசிப்போருள் எனக்கு உகந்தவர் யாரென நண்பர்கள் வினவுவதுண்டு. டோனி ஐயோமி என்பேன். விரல் வேகத்திற்காக அன்று.

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே தகட்டு ஆலைத் தொழிலாளியாயிருந்த அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை 1965இல் இயந்திரம் துண்டித்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 17. இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவன்றோ! அவர் சோர்ந்துவிடவில்லை. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னாளிற் சுருதியையும் தாழ்த்தினார். அவரது 'பிளாக் சபத்' குழு 1970இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு, 'ஹெவி மெற்றல்' இசைக்கே அடிகோலியது. குறையை மறைக்க முயன்ற வழியே அவருடைய தனிநாதமாயிற்று.

நல்லதண்ணியிலே, தேயிலைத் தொழிற்சாலையில் என் இடக்கை விரல்நுனி போனபின், என் கிற்றார் ஈராண்டு லயத்துச் சுவரிலே தொங்கிற்று. அவர் வரலாற்றைப் படித்த அன்றிரவே அதை இறக்கினேன். இன்றும் அபசுரம் விழத்தான் செய்கிறது. ஆயினும் சுவர் வெறுமையாயிருக்கிறது.