ஒக்கிடுவதா, பிரித்துக் கட்டுவதா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த பெரியவர்கள், கட்டின வீட்டின் கூரையைப் பிரித்துப் பார் என்று மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தியது கஜா புயல்.

2018 நவம்பர் 16-ந் தேதி, விடிவதற்கு வெகு முன்பே வேதாரண்யம் பக்கம் கரையேறிய காற்று, மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கிராமத்தையும் விட்டு வைக்கவில்லை. எங்களுடையது மாமனாரின் தகப்பனார் கட்டின வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே சீமை ஓடு. அன்று ராத்திரி எதிர் வீட்டு மெத்தை வீட்டில் ஒண்டிக்கொண்டோம். காலையில் வந்து பார்த்தால் தெற்குச் சரிவில் பாதி ஓடு தரையில் கிடக்கிறது. கொல்லையில் 60 தென்னை நின்ற இடத்தில் 11 நிற்கிறது. தேங்காய்ப் பணம்தான் எங்கள் வீட்டுச் செலவு, பையனின் காலேஜ் பீஸ் எல்லாம். கூரையும் போய், கூரை போடும் பணமும் ஒரே ராத்திரியில் போனால் எப்படி இருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நாலு மாதம் தார்ப்பாயின் கீழ் குடித்தனம். பகலில் உள்ளே அனல். ராத்திரியில் காற்றடித்தால் ‘படபட’வென்று ஒரே சத்தம். அரிசிப் பானை, துணி மூட்டை எல்லாவற்றையும் ஒழுகாத மூலை பார்த்து நகர்த்துவதே வேலையாகப் போயிற்று. அந்த நாலு மாதத்தில் யோசனை சொல்லாதவர்களே ஊரில் கிடையாது!

“ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் போட்டு மூடுங்க, ரெண்டு நாள் வேலை” என்றார் என் வீட்டுக்காரரின் சிநேகிதர். விலை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் சகோதரிகளே, ஆஸ்பெஸ்டாஸில் எந்த வகையானாலும் அது புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. அறுக்கும்போதும் உடையும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நெஞ்சுக்குள் போய்த் தங்குமாம். நோய் தலைகாட்டப் பல வருஷங்கள் ஆகும் என்பதால் யாருக்கும் உடனே பயம் வருவதில்லை. எங்கள் மாட்டுக் கொட்டகை ஷீட் புயலில் நொறுங்கிக் கிடந்தது. அதை நான் விளக்குமாற்றால் பெருக்க விடவில்லை. தண்ணீர் தெளித்து நன்றாக நனைய விட்டு, மேலும் உடைக்காமல் துண்டு துண்டாக எடுத்துச் சாக்கில் கட்ட வைத்தேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டால் போதாதா என்பார்கள். அந்த நார் இருக்கிற நுண்மைக்கு முந்தானைத் துணியெல்லாம் ஒரு தடுப்பே இல்லை.

ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம் என்பது சுலபமாக முடிந்தது. கஷ்டமெல்லாம் அடுத்ததில்தான். சென்னையில் இருக்கும் என் கொழுந்தனாருக்கும் வீட்டில் பாதிப் பங்கு உண்டு. அவர் வந்ததும் வராததுமாக, “எல்லாத்தையும் பிரிச்சுட்டுக் கான்கிரீட் போட்டுடலாம் அண்ணி. வருஷா வருஷம் ஓடு மாத்திக்கிட்டே இருக்கப் போறீங்களா?” என்றார். கொத்தனார் போட்ட கணக்கு 12 லட்சத்துக்குக் குறையவில்லை. அத்தனை எதற்கு என்றால், எங்கள் சுவர் செங்கல்லும் மண் சாந்துமாக எழுப்பியது. ஓடும் மரமும் சேர்ந்து சதுர அடிக்குச் சுமார் 5 கிலோதான் அதன் தலையில் உட்காருகிறது. நாலரை அங்குலக் கான்கிரீட் என்றால் 27 கிலோ! பழைய சுவர் அதைத் தாங்காது. தூண் எழுப்பி, கிட்டத்தட்ட புது வீடே கட்ட வேண்டும்.

செலவைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிடலாம் என்றுதான் நானும் பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு. “அம்மா மேல ஒரு ஓடு விழுந்தா யாரு அண்ணி பதில் சொல்றது?” என்றார். அத்தைக்கு 80 வயது. காது மந்தம். ராத்திரியில் எழுப்பினாலும் சட்டென்று எழுந்து ஓட முடியாது. புயலன்று நானும் பையனும்தான் அவர்களை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டினோம். அந்தக் கேள்விக்கு 12 லட்சம், 2 லட்சம் என்பதெல்லாம் பதிலாகுமா? அன்று முழுக்க நான் பேசவில்லை. அத்தையோ, “எம் மாமனார் போட்ட உத்திரம்டா, அதைத் தொட்டீங்கன்னா நான் தஞ்சாவூர்ல என் பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன்” என்று திண்ணையை விட்டு நகரவில்லை.

கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான். முதலில் ஆசாரி வந்து பார்க்கட்டும், பிறகு சண்டை போடலாம்.

எங்கள் ஆசாரியார் அதிகம் பேச மாட்டார். ஏணி வைத்து ஏறி, நாலு இடத்தில் ஓட்டைப் பிரித்து, ஒவ்வொரு கைமரத்தையும் உளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் ‘ணங்’கென்று சொல்லும், உள்ளே கரையான் தின்றது ‘பொத்’தென்று சொல்லும். மரம் சுவரில் உட்கார்ந்திருக்கும் முனையைத்தான் அதிக நேரம் பார்த்தார். ஈரம் இறங்கி முதலில் உளுத்துப் போவது அந்த இடம்தானாம். உளி முனை அரை விரல் இறங்கினால் அந்த மரத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு. 32 கைமரத்தில் 9-க்குக் கோடு விழுந்தது. எல்லாம் பனங்கை, வைரம் பாய்ந்த பழைய பனை. உத்திரம் இரண்டும் கல்லு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதும் அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிறகு தூக்குக்குண்டு விட்டுச் சுவரைப் பார்த்தார். முன்கட்டு நேராக நின்றது. சமையல்கட்டுச் சுவர் மட்டும் இரண்டு அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கைமரம் கையால் பிய்த்தால் வருகிறது. பழைய விறகடுப்புக்கு மேலே இருந்த மரம் மட்டும் கரிப் பிடித்து உறுதியாக இருந்தது. “புகை பட்ட மரத்துல கரையான் அண்டாதும்மா. நீங்க கேஸ் வாங்கினீங்க, அதுக்குக் கொண்டாட்டம்” என்றார். அதற்காக மறுபடி விறகடுப்பு ஊத நான் தயாராக இல்லை!

“உத்திரமும் சுவரும் நல்லா இருந்தா ஒக்கிடலாம். சுவரே சாஞ்சா மேல என்னத்தைப் போட்டும் பிரயோசனம் இல்லே” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆக, எங்கள் வீட்டுக்கு இரண்டு பதில். முன்கட்டை ஒக்கிடுவது. சமையல்கட்டை இடித்து, அந்த இடத்தில் தூண் போட்டு ஒரே ஒரு கான்கிரீட் அறை. சமையலும் அதில்தான், புயலென்றால் எல்லோரும் ஒதுங்குவதும் அதில்தான். அத்தைக்குப் பக்கத்திலேயே குளியலறை. கொழுந்தனார் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “சரி அண்ணி, ஆனா அம்மா அங்கதான் படுக்கணும்” என்றார். ஓட்டு வேலைக்கு 2,40,000, அறைக்கு 3 லட்சம் ஆயிற்று. பாதி அவர் கொடுத்தார்.

ஓடு வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் மங்களூர் ஓட்டை மட்டம் என்று நினைக்காதீர்கள். 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்து ஆரம்பித்த வழி அது. நன்றாக வெந்த ஓடு மூன்று தலைமுறை கண்டும் நிற்கிறது. விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் மூக்கு உடையாமல் இருக்க வேண்டும். நாங்கள் ஓரத்து வரிசைகளையும் முகட்டை ஒட்டிய வரிசையையும் கம்பியால் சட்டத்தோடு கட்டச் சொன்னோம். காற்று முதலில் கை வைப்பது அங்கேதான். கூலி கொஞ்சம் ஏறியது, ஏறட்டும்.

வேலை முடிந்த கோடையில் அத்தை அந்தப் புது அறையில் ஒரே ஒரு ராத்திரி படுத்தார்கள். “சூளைக்குள்ள படுத்த மாதிரி இருக்குடி” என்று மறுநாளே தாழ்வாரத்துக்குப் பாயைக் கொண்டு வந்துவிட்டார்கள். கொழுந்தனார் போனில் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன். 2020 டிசம்பரில் புரெவி வந்து டெல்டா முழுக்க மழையாய்க் கொட்டியபோது, யாரும் சொல்லாமலே வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக்கொண்டு அவர்களே கான்கிரீட் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். முன்கட்டில் ஒரு ஓடு நகரவில்லை. ஓடும் கான்கிரீட்டும் சேருகிற மூலையில் மட்டும் ஒழுகியது. அங்கே தகரம் வளைத்துப் போட்டோம்.

இப்போது வருஷா வருஷம் ஆனியில் ஆசாரியாரின் மகன் வந்து ஏறிப் பார்க்கிறான். கொல்லை மூலையில் 150 ஓடு அடுக்கி வைத்திருக்கிறோம். குரங்குக் கூட்டம் ஒரு தடவை வந்து போனால் அதில் நாலைந்து குறையும்.